எஃப்.இ. தேர்வுக்கு எந்தக் கால்குலேட்டர் செல்லும்? சேலத்தில் அடிக்கடி என்னைக் கேட்பவை

ஹஸ்தம்பட்டியில் என் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லாரும் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் முடித்தவர்கள். சிலர் அமெரிக்கக் கட்டடங்களுக்கு இங்கிருந்து வரைபடம் போடும் அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள், சிலர் மேற்படிப்புக்கு விமானம் ஏறக் காத்திருக்கிறார்கள். அங்கே பொறியாளர் உரிமம் வாங்குவதற்கான முதல் படியான எஃப்.இ. தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம். புதிதாக மாடி ஏறி வரும் எவரும் முதலில் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து நீட்டி, "சார், இது செல்லுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உரிமத்துக்கான இரண்டாவது தேர்வின் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் நம் பி.இ. பட்டம் போலவே வந்து நிற்கும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பி'தான். குழப்பம் வேண்டாம் என்று அதை 'புரொஃபஷனல் தேர்வு' என்றே எழுதுகிறேன்.

இந்த எஃப்.இ. தேர்வை நடத்துவது யார்? எவ்வளவு நேரம்?

என்.சி.இ.இ.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு நடத்துகிறது. உரிமத்தைக் கொடுப்பது அந்தந்த மாநிலத்து வாரியம், தேர்வு மட்டும் நாடு முழுக்க ஒன்று. 2014 ஜனவரியிலிருந்து இது கணினித் தேர்வு. பியர்சன் வி.யூ.இ. மையங்களில் உட்கார்ந்து எழுத வேண்டும். மொத்தம் 110 கேள்விகள், விடையளிக்க 5 மணி 20 நிமிடம். வகுத்துப் பாருங்கள், ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட முழுசாக வராது. கால்குலேட்டரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத அதுதான் காரணம். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தைப் பொத்தான் தேடுவதில் விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

சரி, அனுமதிக்கப்பட்ட மாடல்கள் எவை?

மூன்று கம்பெனி, அவ்வளவுதான்.

கேசியோ என்றால் மாடல் பெயரில் 'எஃப்எக்ஸ்-115' அல்லது 'எஃப்எக்ஸ்-991' இருக்க வேண்டும். பின்னால் எம்.எஸ்., இ.எஸ். பிளஸ், இ.எக்ஸ்., சி.டபிள்யூ. என்று எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் என்றால் பெயரில் 'டி.ஐ-30எக்ஸ்' அல்லது 'டி.ஐ-36எக்ஸ்' இருக்க வேண்டும். ஹியூலெட் பேக்கார்டு என்றால் 33எஸ், 35எஸ் இரண்டு மட்டும்.

இந்தப் பட்டியலை அவர்கள் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் தேர்வுக்குப் பதியும் நாளில் ஒரு தடவை, தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு தடவை என்.சி.இ.இ.எஸ். தளத்தைத் திறந்து நீங்களே பாருங்கள். நான் சொன்னேன் என்று மைய வாசலில் நின்று வாதாட முடியாது.

புரோகிராம் எழுத முடியாத கால்குலேட்டர் என்றால் போதும் என்றல்லவா நினைத்தேன்?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பரீட்சைகளில் 'நான்-புரோகிராமபிள்' என்று கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. இங்கே கணக்கு வேறு. ஹெச்.பி. 35எஸ் புரோகிராம் எழுதக்கூடிய கருவி, அது செல்லும். நாம் பிளஸ் டூவில் வைத்திருந்த எஃப்எக்ஸ்-82 எம்.எஸ். அப்பாவிக் கருவி, அது செல்லாது. கருவிக்கு என்ன தெரியும் என்று யாரும் பார்ப்பதில்லை, நெற்றியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

காப்பியடிப்பதைத் தடுக்க என்று பலர் சொல்வார்கள். அவர்களுடைய முதல் பயம் அதற்கு நேர் எதிரானது, கேள்விகள் வெளியே போய்விடக் கூடாது என்பது. முழு எழுத்துப் பலகையும் நினைவகமும் தொடர்பு வசதியும் உள்ள கால்குலேட்டரில் கேள்வியை அப்படியே தட்டச்சு செய்து எடுத்துப் போய்விடலாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தேர்வுக்கு அது பெரிய நஷ்டம். அதனால்தான் 2004 வாக்கில் கண்ட கருவியையும் விடாமல், பெயர் சொல்லிச் சிலவற்றை மட்டும் விடுவது என்று முடிவுக்கு வந்தார்கள்.

கல்லூரியிலிருந்து எஃப்எக்ஸ்-991 எம்.எஸ். வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பெயரில் 991 இருக்கிறது, தாராளமாகச் செல்லும். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி விடுதியானாலும் சரி, ஓமலூர் ரோட்டு வாடகை அறையானாலும் சரி, இந்தப் பக்கத்துப் பொறியியல் பையன்கள் பாதிப் பேர் கையில் ஒரு காலத்தில் இதுதான் இருந்தது. மூத்தவர்கள் படிப்பு முடிந்து போகும்போது ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூன்று மாறி வரை ஒருங்கமை சமன்பாடு, முப்படிச் சமன்பாடு, கலப்பெண், மூன்றுக்கு மூன்று அணி, எண்வழித் தொகையீடு எல்லாம் அதில் உண்டு.

குறை என்னவென்றால் பின்னமும் வர்க்கமூலமும் புத்தகத்தில் இருப்பது போலத் தெரியாது, எல்லாம் ஒரே வரியில் ஓடும். அடைப்புக்குறி ஒன்று தவறினால் கண்ணில் படாது. நான்கு வருடம் அதிலேயே கணக்குப் போட்ட கை என்றால் அது குறையே இல்லை. கைக்குத் தெரிந்த கருவியைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

எஃப்எக்ஸ்-570 இருக்கிறது. 991 மாதிரியேதானே?

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஃப்எக்ஸ்-570 இ.எஸ். பிளஸும் எஃப்எக்ஸ்-991 இ.எஸ். பிளஸும் அண்ணன் தம்பி. பொத்தான்கள் ஒன்று, மெனு ஒன்று, இரண்டிலும் 417 செயல்பாடுகள். கண்ணுக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் 991-இல் உள்ள சோலார் பட்டை. 570 வெறும் பேட்டரியில் ஓடும். கணக்குப் போடுவதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை என்பதால், நான் 570-ஐயே எடுத்துக்கொண்டு தேர்வு எழுதப் போனேன். அப்போது கம்பெனி வேலையாக அமெரிக்காவில் இருந்தேன். பதிவு மேசையில் இருந்த அம்மா ஒரு தாளை எடுத்தார், என் கருவியைத் திருப்பிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று என் அரைகுறை உச்சரிப்பில் விளக்கினேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, லாக்கர் சாவியை நீட்டினார். தப்பு முழுக்க என்னுடையது. பட்டியலைப் படித்திருந்தேன், '991 மாதிரி' என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

உள்ளே கணினித் திரையில் ஒரு கால்குலேட்டர் இருந்தது, அதை வைத்து எழுதினேன். தேறியும்விட்டேன். ஆனால் முதல் இருபது கேள்வியில் வியர்த்த வியர்வை, ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் மிதித்து ஏறினாலும் வராது.

ஆகவே 570, 100 எம்.எஸ்., 82 எதுவும் செல்லாது. மறைத்து உள்ளே கொண்டுபோகும் யோசனை எட்டிப் பார்த்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள், எழுதிய தேர்வே செல்லாமல் போகும்.

புதிதாக வாங்குவதென்றால் எது நல்லது?

என் விருப்பத்தைச் சொல்கிறேன், பட்டியல் அல்ல.

எஃப்எக்ஸ்-991 இ.எஸ். பிளஸ் போதும். பின்னம், மூலம், தொகையீடு எல்லாம் தாளில் எழுதுவது போலவே திரையில் தெரியும். சமன்பாடு, அணி, வெக்டர், கலப்பெண் எல்லாமே 'மோட்' பொத்தானில் இரண்டு தட்டில் கிடைக்கும். கல்லூரியில் எம்.எஸ். பழகியவர் ஒரு வாரத்தில் இதற்கு மாறிவிடலாம்.

2015-இல் வந்த 991 இ.எக்ஸ். அதைவிட ஒரு படி மேல். திரை கூர்மை, நான்கு மாறி வரை சமன்பாடு, நான்குக்கு நான்கு அணி, ஐந்து பத்திகளும் 45 வரிசைகளும் கொண்ட ஒரு குட்டி விரிதாள்கூட உண்டு. திரையில் கியூஆர் குறியீடு ஒன்றும் காட்டும். ஃபோனை லாக்கரில் பூட்டிவிட்டு உட்காரும் இடத்தில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். கடையில் இ.எக்ஸ். கண்ணில் பட்டால் நான் அதைத்தான் வாங்குவேன்.

991 சி.டபிள்யூ. புதிய வரவு. செல்லும், நல்ல கருவிதான். ஆனால் பொத்தான் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய கருவியில் விசைக்கு மேலேயே எழுதியிருந்த பல செயல்பாடுகள் இதில் பட்டியலுக்குள் போய் ஒளிந்துகொண்டன. பின்னத்தைத் தசமமாக்கப் பழகிய பொத்தானைக் காணோம், அதன் இடத்தில் 'ஃபார்மேட்' வந்துவிட்டது. தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் இருந்தால் வாங்கலாம். அடுத்த மாதம் தேர்வு என்றால் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து அக்காவோ மச்சானோ வருகிறார்கள் என்றால் டி.ஐ-36எக்ஸ் புரோ ஒன்று வாங்கி வரச் சொல்லலாம். சமன்பாடுகளைத் தீர்ப்பது, தொகையீடு, அணி எல்லாம் அதிலும் உண்டு. திரையில் வரும் கால்குலேட்டருக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்பதால் இரண்டுக்கும் பழக்கம் ஒத்துப்போகும். அங்கே கேசியோ இ.எஸ். பிளஸ் கேட்டால் 991 என்று பெட்டியில் இல்லாமல் 115 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், 115 இ.எஸ். பிளஸ் என்பது நம் 991 இ.எஸ். பிளஸின் அமெரிக்கப் பெயர்.

ஹெச்.பி. 35எஸ் பற்றிப் பெரியவர்கள் உருகி உருகிப் பேசுகிறார்களே?

பேசுவார்கள். 1972-இல் வந்த ஹெச்.பி-35 அதுவரை பொறியாளர்கள் கணக்குப் போட்ட ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோலை ஓரம் கட்டிய கருவி. அதன் 35-ஆவது ஆண்டு நினைவாக 2007-இல் வந்ததுதான் 35எஸ். அதில் 3, என்டர், 4, கூட்டல் என்று எண்ணை முதலிலும் செயலைப் பிறகும் தட்டலாம், அடைப்புக்குறியே வேண்டாம். பழகியவர்களுக்கு அதைவிட வேகம் வேறில்லை. ஆனால் இப்போது உற்பத்தியில் இல்லை, பழையது கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். மாமா வீட்டு அலமாரியில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேடி அலையாதீர்கள்.

சேலத்தில் எங்கே வாங்குவது? போலி நிறைய வருகிறதாமே?

வருகிறது. பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியும் முதல் அக்ரஹாரத்துப் பக்கமும் எழுதுபொருள் கடைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவர்கள் நல்ல சரக்குதான் விற்கிறார்கள். இருந்தாலும் ஒரு 991 பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பில் கேளுங்கள், உத்தரவாத அட்டை கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

ஒரு முறை நானே ஏமாந்தேன். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சோலார் பட்டை வெறும் கறுப்புப் பிளாஸ்டிக், விசைகள் அழுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, அச்சு நகத்தால் சுரண்டினாலே வந்தது. கணக்கு சரியாகத்தான் போட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சில சமயம் இரண்டு ஏழு விழுந்தது. தேர்வில் அது போதும், கதை முடிய.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: ஒவ்வொரு எண்ணையும் பத்துத் தடவை வேகமாகத் தட்டிப் பாருங்கள், பத்தும் விழுகிறதா என்று. அப்புறம் மூன்று மாறிச் சமன்பாடு ஒன்று போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறோம்.

திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறதே, எதற்குத் தனியாக ஒன்று?

இருக்கிறது. அது டி.ஐ-30எக்ஸ்.எஸ். மல்டிவியூ. கையில் எதுவும் இல்லாமல் போனாலும் உங்களுக்கு ஒன்று உண்டு என்பது நிம்மதிதான். ஆனால் அதில் சமன்பாடுகளைத் தீர்க்கும் வசதி இல்லை, தொகையீடும் இல்லை. டிரஸ் எனும் சட்டகக் கணக்கில் மூன்று சமன்பாடு வந்தால் கையால் போட வேண்டும். மவுஸால் ஒவ்வொரு எண்ணாகக் கிளிக் செய்வது வேறு எரிச்சல். போதாக்குறைக்குக் கேள்வியும் அவர்களே திரையில் தரும் கைநூலும் கால்குலேட்டரும் ஒரே திரையில் இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

அப்படியும் அதைப் பழகாமல் போகாதீர்கள். பேட்டரி செத்துவிட்டாலோ, என்னைப் போல வாசலிலேயே திருப்பி அனுப்பினாலோ, கைகொடுப்பது அதுதான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தளத்தில் அதன் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். கேசியோ கைகளுக்கு அதில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது கழித்தல் குறி. டி.ஐ.யில் கழித்தலுக்கு ஒரு விசை, எதிர்ம எண்ணுக்கு வேறு விசை. 5 பெருக்கல் என்று தட்டிவிட்டுக் கழித்தல் விசையை அழுத்தி 3 போட்டால் பிழை என்று நிற்கும். கேசியோவில் அது பேசாமல் −15 கொடுத்துவிடும்.

இரண்டாவது, விடை பின்னமாகவோ 'பை' (π) ஒட்டிக்கொண்டோ நின்றால் தசமத்துக்கு மாற்றும் விசை. டி.ஐ.யில் இருபக்க அம்புக்குறி போட்ட விசை. கேசியோ இ.எஸ். பிளஸிலும் இ.எக்ஸிலும் ஷிஃப்ட் அழுத்திவிட்டு சமக்குறி அழுத்தினாலே நேராகத் தசமம் வரும்.

மூன்றாவதுதான் ஆளை விழுங்கும். 1 ÷ 2 என்று தட்டி, பெருக்கல் குறி போடாமல் 'பை' போடுங்கள். 991 எம்.எஸ்., இ.எஸ். பிளஸ், இ.எக்ஸ். மூன்றும் 'இரண்டு பை' என்பதை ஒரே உருப்படியாக எடுத்துக்கொண்டு 0.159 என்று சொல்லும். டி.ஐ. இடமிருந்து வலமாகப் போய், அரையைப் பையால் பெருக்கி 1.571 என்று சொல்லும். ஒத்திசைவு அதிர்வெண் கணக்கில், அலைவுக் கணக்கில் இந்த 'ஒன்றின் கீழ் இரண்டு பை' ஓயாமல் வரும். இரண்டு கருவிக்கும் விடை கிட்டத்தட்டப் பத்து மடங்கு வேறுபடும். எது சரி என்று சண்டை வேண்டாம், இரண்டும் தத்தம் விதிப்படி சரி. பின்ன விசையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ளதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். எங்கள் மாடிக் கூட்டத்தில் இதைக் காட்டும் நாளில் மட்டும் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

டிகிரி, ரேடியன் தகராறுக்கு என்ன வழி?

ஒவ்வொரு முறை இயக்கியதும் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியன்.

'வித்தியாசமான விடை வந்தால் தெரிந்துவிடாதா' என்று ஒரு தங்கை கேட்டார். எப்போதும் தெரியாது. 20-க்கு 1 என்ற சாய்மானத்தில் ஏறும் மலைச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் எவ்வளவு? டிகிரியில் 2.862, அதாவது 2 பாகை 51 நிமிடம் 45 விநாடி. ரேடியனில் இருந்தால் 0.04996 என்று வரும். சாய்மானமே 0.05 ஆயிற்றே, அதை ஒட்டித்தானே இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று மனசு சமாதானம் சொல்லும். கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். நாலு விடையில் ஒன்றாக அதை வைத்திருப்பார்கள்.

கருவியில் யாரோ என்னவோ மாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால் மொத்தமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இ.எஸ். பிளஸிலும் இ.எக்ஸிலும் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, ஏ.சி. எம்.எஸ்.ஸில் ஷிஃப்ட், மோட், 3, அப்புறம் இரண்டு தடவை சமக்குறி.

எந்த வசதிகளைக் கட்டாயம் பழக வேண்டும்?

எல்லாவற்றையும் பழகப் போய் எதுவும் விரலில் நிற்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இ.எஸ். பிளஸ் கணக்கில் சொல்கிறேன், மற்றதற்கு அதன் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

மோட் 5, சமன்பாடு. இரண்டு மாறி, மூன்று மாறி, இருபடி, முப்படி. இது ஒன்றே பல கேள்வியில் நேரத்தை மீட்டுக் கொடுக்கும். ஷிஃப்ட் போட்டு 'கால்க்' விசை அழுத்தினால் 'சால்வ்'. சூத்திரத்தில் தெரியாதது நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, அதை இடம் மாற்றி எழுதாமல் அப்படியே தட்டி விடை கேட்கலாம். வட்டிக் கணக்கில் வட்டி விகிதம் தெரியாதபோது இதன் அருமை தெரியும்.

எலெக்ட்ரிக்கல் ஆட்களுக்கு மோட் 2, கலப்பெண். 3 + 4i என்று போட்டு ஷிஃப்ட் 2-இல் மூன்றாவதைத் தேர்ந்தால் 5, கோணம் 53.13 என்று போலார் வடிவில் வந்து நிற்கும். சிவில் ஆட்களுக்கு இது அநேகமாகத் தேவைப்படாது, விட்டுவிடுங்கள்.

அப்புறம் 'இ.என்.ஜி.' விசை, பத்தின் அடுக்கை மூன்று மூன்றாக நகர்த்துவது. எஃப்.இ.யில் மீட்டரும் அடியும் கலந்து வரும். நம் பக்கத்துக் கணக்கு ஒன்று: மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 93.47 × 10⁹ கன அடி. ஒரு கன அடி 0.0283168 கன மீட்டர். பெருக்கினால் சுமார் 2.647 × 10⁹ கன மீட்டர். அடுக்கை 'பத்து', 'பெருக்கல்', 'அடுக்கு' என்று தனித்தனியாகத் தட்டாமல் அதற்கான ஒற்றை விசையில் தட்டுங்கள். வகுத்தல் வரும் இடங்களில் அடைப்புக்குறித் தவறு பாதி குறையும்.

இ.எஸ். பிளஸில் 40 மாறிலி மதிப்புகளும் 40 அலகு மாற்றங்களும் உண்டு. நான் அவற்றைத் தொட்டதே இல்லை. தேர்வுத் திரையிலேயே என்.சி.இ.இ.எஸ். கைநூல் இருக்கும், சொல் கொடுத்துத் தேடலாம். அதே கைநூலை அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக எடுத்து இப்போதே பழகலாம். கால்குலேட்டருக்குள் எண் தேடுவதைவிட அதில் தேடுவது எனக்கு வேகம்.

கால்குலேட்டர் தப்பாகவும் விடை சொல்லுமா?

விரல் தப்புக்கு அது பொறுப்பில்லை. ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. சில இ.எஸ். பிளஸ் கருவிகளில் 11-இன் ஆறாம் அடுக்கை 13-ஆல் வகுத்தால் '156158413 பை, கீழே 3600' என்று விடை வரும். பைக்கு அங்கே என்ன வேலை? சரியான விடை 1771561-இன் கீழ் 13. இரண்டையும் தசமமாக்கினால் 136273.923 என்று ஒன்றாகத்தான் இருக்கும். தசமத்தைப் பார்த்து 'இது பையின் பின்னமாக இருக்குமோ' என்று கருவி ஊகித்ததால் வந்த வினை. தேர்வில் இதனால் எதுவும் கெடாது. மாலையில் தட்டுவடை செட் சாப்பிடும்போது நண்பர்களிடம் காட்டலாம்.

தேர்வு நாளில் என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

கருவி மட்டும். உறை, மூடி எல்லாம் லாக்கரில். கண்ணாடிக்கூடும் அப்படித்தான். எழுதிப் பார்க்க அவர்களே அழித்து எழுதும் ஒரு சிறு புத்தகமும் பேனாவும் தருவார்கள், சொந்தத் தாளுக்கு இடமில்லை. அந்தப் பேனாவின் முனை தடிமன். அதில் நீளமாகக் கணக்கு எழுதினால் பக்கம் தீர்ந்துவிடும், அதற்காகவாவது கால்குலேட்டரின் நினைவு விசைகளில் இடைவிடைகளைப் போட்டு வைக்கப் பழகுங்கள்.

நடுவில் 25 நிமிட இடைவேளை உண்டு. அதற்கு முன் முடித்துக் கொடுத்த கேள்விகளுக்குத் திரும்பப் போக முடியாது, எனவே 'மறுபடி கால்குலேட்டரில் சரிபார்க்கலாம்' என்று எதையும் ஒத்திப்போடாதீர்கள்.

991-இன் இ.எஸ். பிளஸ், இ.எக்ஸ். இரண்டிலும் சோலாரோடு எல்.ஆர். 44 என்ற பொத்தான் பேட்டரி இருக்கும். நாலு வருடப் பழைய கருவி என்றால் தேர்வுக்கு முந்தைய மாதமே மாற்றிவிடுங்கள். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும்.

இதே கருவியை எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வுக்கும் கொண்டுபோகலாமா?

கேட்டில் எந்தக் கால்குலேட்டருக்கும் இடமில்லை. திரையில் வருவதை மவுஸால்தான் அழுத்த வேண்டும், விசைப்பலகையும் வேலை செய்யாது. யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வில் முதனிலைத் தேர்வுக்குக் கால்குலேட்டர் கிடையாது, முதன்மைத் தேர்வுக்குப் புரோகிராம் எழுத முடியாத கருவி உண்டு. அங்கே 991 பயன்படும், ஹெச்.பி. 35எஸ் பயன்படாது. மூன்றுக்கும் சேர்த்துத் தயாராகிறவர்கள் திரைக் கால்குலேட்டரில் வாரம் ஒரு மணி நேரமாவது பழகுவது நல்லது.

புரொஃபஷனல் தேர்வுக்கு வேறு வாங்க வேண்டுமா?

வேண்டாம், அதே பட்டியல்தான். அது 80 கேள்வி, 8 மணி நேரம், ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம். சிவில் பிரிவும் 2022-இல் கணினிக்கு மாறிவிட்டது. எஃப்.இ. எழுதி, அனுபவ ஆண்டுகளை முடித்து, அதற்குப் போகும்போதும் கையில் அதே கருவி இருந்தால் நல்லது. நான் 991 இ.எஸ். பிளஸ் வாங்கியது எஃப்.இ. எழுதி முடித்த அடுத்த வாரம். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் கருவியின் பின்பக்கம் பெயரும் இரண்டு மூன்று சூத்திரமும் எழுதி வைத்திருக்கிறேன். பிரச்சினையா?

பெயருக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சூத்திரத்தை அழித்துவிடுங்கள், பென்சிலில் எழுதியதானாலும். பேட்டரி மூடியின் உள்பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவர் மூத்தவரிடம் வாங்கிய 991-இல் அங்கேயும் ஒன்று இருந்தது.